மூதாட்டிகள் கேட்பது பிச்சையன்று!

ஆறுதல் மகளிராம்! யாருக்கு ஆறுதல்? 17 வயதில் ஜப்பானியப் படையினரால் சீரழிக்கப்பட்ட கொரியப் பெண்மணி கிம் ஹாக் சுன், 1991 ஆகஸ்டு 14இல் அக்கொடுமையை ஊரறியச் செப்பினார். அரை நூற்றாண்டு அடைபட்டுக் கிடந்த உண்மை அன்று வெளிவந்தது!

ஜப்பான் செய்ததென்ன? 1993இல் அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் மன்னிப்பு மொழிந்தார், சட்டம் பிறக்கவில்லை. 1995இல் நிதி அமைத்தனர். பரிகாரப் பணமோ குடிமக்கள் தந்த நன்கொடை! அரசு இழைத்த குற்றத்துக்கு ஊரார் உண்டியலா? 2001இல் எதிர்க்கட்சியினர் மேலவையில் கொணர்ந்த மசோதாவும் சட்டமாகாமலே மாண்டது.

ஜப்பானிய நாடாளுமன்றத்தாரே! அவர்கள் கேட்பது கருணையன்று, நீதி! அரசின் பொறுப்பை ஏற்று, மன்னிப்பையும் இழப்பீட்டையும் சட்டமாக்குங்கள். கிம் 1997இல் கண்மூடினார்; எஞ்சியோர் மிகச் சிலரே. கல்லறை முன்னின்றா நீதி வழங்கப் போகிறீர்கள்?