அந்த ‘பி’ எதுக்கு மிஸ்?

பெற்றோர் கூட்டம் என்றால் இரண்டு விதமான ஆசனங்கள் உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. இந்தப் பக்கம் பெற்றோருக்குப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் இடிக்கும்.

நான் இரண்டிலும் உட்காருகிறவள். ஒரு தனியார் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் மிஸ். வேறொரு பள்ளியில் ஏழாவது படிக்கும் பையனுக்கு அம்மா. படித்தது பி.காம்., அப்புறம் பி.எட். சம்பளம் மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் டெபிட் பக்கம்தான் எப்போதும் நிறைந்திருக்கும்.

பையனின் மிஸ் ஒவ்வொரு தடவையும் ஒரே ரிப்போர்ட்தான் கொடுக்கிறார். “நல்ல பையன். ஆனா கிளாஸ்ல வாயே திறக்கறதில்லை.” வீட்டில் அவன் வாயை மூடவைக்க நாங்கள் படுகிற பாடு அவருக்குத் தெரியாது!

இது அவனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. மூணாம் வகுப்பில் போய் ஒரு கேள்வி கேளுங்கள். நாற்பது கை தூக்கும். கேள்வியே காதில் விழாதவன் கையும் அதில் இருக்கும். அதே கேள்வியை ஏழாம் வகுப்பில் கேளுங்கள். அத்தனை பேரும் டெஸ்க்கில் எதையோ தேடுவார்கள். நடுவில் அறிவு குறைந்துவிட்டதா என்ன? இல்லை. பின் பெஞ்சிலிருந்து வரும் ‘கிளுக்’ என்ற ஒரு சிரிப்புதான் காரணம். பன்னிரண்டு வயதில் பேய்க்குப் பயமில்லை, பாம்புக்குப் பயமில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் பயம்.

அப்படி என்னதான் தப்பாகப் பேசிவிடுகிறார்கள்? போன மாதம் ஒரு பையன் எழுந்து, “மிஸ், ஐ கோடு டு மை வில்லேஜ்” என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களிடம் கேட்டேன். “வாக்?” “வாக்டு மிஸ்.” “ப்ளே?” “ப்ளேடு மிஸ்.” “அப்ப ‘கோ’வுக்கு ‘கோடு’ன்னு அவன் சொன்னதில் என்ன தப்பு? சொல்லிக்கொடுத்த விதியைத்தானே போட்டான்?” கப்சிப். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளும் பேசப் பழகும்போது இதையேதான் சொல்கின்றன. உண்மையில் ‘வென்ட்’ என்பது ‘கோ’வின் சொந்தப் பிள்ளையே இல்லை. ‘வெண்ட்’ என்று வேறொரு பழைய வினைச்சொல் இருந்தது. அதன் இறந்தகாலத்தை ‘கோ’ தத்து எடுத்துக்கொண்டது.

இன்னொரு பையன் “ஹி டாக்டர்” என்கிறான். தமிழில் ‘அவர் டாக்டர்’ என்றால் முழு வாக்கியம். நடுவில் ‘இஸ்’ஸும் வேண்டாம், ‘ஏ’யும் வேண்டாம். பையனுக்குத் தமிழ் இலக்கணம் ஒழுங்காக மண்டையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதன்மேல் இங்கிலீஷைக் கட்ட வேண்டியது என் வேலை. இடித்துவிட்டுக் கட்டுவது இல்லை.

ஒரு நாள் கடன் என்பதற்கு ‘டெட்’ என்று போர்டில் எழுதினேன். முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள். “நடுவில் அந்த ‘பி’ எதுக்கு மிஸ்? சத்தமே போடலையே?”

பி.காம். படித்தவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்! பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’யே கிடையாது. பின்னால் வந்த பண்டிதர்கள், லத்தீனில் ‘டெபிட்டும்’ என்று இருக்கிறதே, அந்தப் பெரிய குடும்பத்துச் சொந்தம் தெரிய வேண்டாமா என்று ஒரு ‘பி’யைச் செருகிவிட்டார்கள். நம் ‘டெபிட்’டும் அதே குடும்பம்தான். தீவுக்கு எழுதும் ‘ஐலண்ட்’டில் இருக்கும் ‘எஸ்’ கதை இன்னும் மோசம். லத்தீன் ‘இன்சுலா’வுக்கு உறவு என்று தப்பாக நினைத்துச் சேர்த்தது. உறவே இல்லை! பல நூறு வருடமாக அந்தத் தப்பு அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

நம்ம ஊர் மிளகுத்தண்ணீர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாமல் ‘மல்லிகடானி’ ஆனது. அவர் உளறினால் அகராதி. எங்கள் செவன்த் பி பையன் உளறினால் சிரிப்பு. எந்த ஊர் நியாயம் இது?

அந்தப் பெண்ணின் அப்பா டூவீலர் மெக்கானிக். கூட்டத்துக்கு வந்தவர் பெஞ்சு நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

“மிஸ், நான் எட்டாவதோட நின்னுட்டேங்க. ஒருநாள் எந்திரிச்சு இங்கிலீஷ் வாசிச்சேன். தப்பா வாசிச்சுட்டேன். கிளாஸே சிரிச்சிருச்சு. அதோட சரி, அப்புறம் வாயைத் திறக்கலை. எம் பொண்ணு மார்க்கு கம்மியா எடுத்தாலும் பரவால்லைங்க. பயப்படாம பேசிட்டாப் போதும்.”

“நீங்க தினமும் எத்தனை இங்கிலீஷ் வார்த்தை பேசறீங்க தெரியுமா? கிளட்ச், பிரேக், பிஸ்டன், ஸ்பார்க் பிளக்...”

“அது இங்கிலீஷா மிஸ்? அது வண்டி பாஷைங்க!”

சிரித்தார். ஆனால் அந்தப் பழைய சிரிப்பு அவருக்குள் இன்னும் இருக்கிறது. சத்தம் போடாது. எழுத்தில் மட்டும் இருக்கும், ‘டெட்’டில் இருக்கும் ‘பி’ மாதிரி. யாரோ சில பிள்ளைகள் ஒரு நிமிடம் சிரித்ததற்கு இவர் இத்தனை வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் சிரிக்கிறாரோ, அடுத்த வாக்கியம் அவர் பேச வேண்டும். இதனால் எல்லோரும் பிரமாதமாக இங்கிலீஷ் பேசிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிரிப்பு பாதியாகக் குறைந்தது. தூக்கும் கைகள் இரண்டிலிருந்து ஒன்பதாகியிருக்கின்றன. எனக்கு இது லாபக் கணக்கு.

வீட்டிலும் ஒன்று செய்து பாருங்களேன். ஸ்கூல் விட்டு வந்ததும் “எத்தனை மார்க்?” என்பதற்குப் பதில் “இன்னிக்கு கிளாஸ்ல என்ன கேட்டே?” என்று கேளுங்கள. என் பையன் முதல் வாரம் “ஒண்ணுமில்லை” என்றான். இரண்டாவது வாரம், “தண்ணி குடிக்கப் போகலாமான்னு கேட்டேன்” என்றான். இங்கிலீஷில்தான் கேட்டானாம். முன்னேற்றம்தானே!

மெக்கானிக் பெண்ணோ அடுத்த கேள்வியோடு தயார். “மிஸ், சைக்காலஜியில முதல்ல ஒரு ‘பி’ இருக்கே, அது எதுக்கு?”

“அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா?”

“அது வேற ‘பி’ மிஸ், இது வேற ‘பி’!”

இதற்குக் கிரேக்க தேசம் வரை போக வேண்டும். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.