வரியே முகவரி

வகுப்பறையில் இடாப்புக் கூப்பிடும்போது, வராத நண்பனுக்காக மற்றொருவன் ‘ஐயா!’ என்று குரல் கொடுத்துவிடுதல் மாணவருலகின் பழைய தந்திரம். குரலை மட்டுங் கேட்டுக் குறியிடும் ஆசிரியர் ஏமாறுவர். தலைநிமிர்ந்து முகம் பார்ப்பவர் ஏமாறார். காட்டு விலங்குகளைக் கணக்கெடுப்பதிலும் இவ்வுண்மை பொருந்துவதை நாம் காண்கின்றோம்.

இந்தியாவிலே நெடுங்காலம் புலிகளை அவற்றின் அடிச்சுவடு கொண்டே எண்ணிவந்தனர். ஒரே புலியின் சுவடு ஈரமண்ணில் ஒருவிதமாகவும் புழுதியில் வேறுவிதமாகவும் பதியும், ஒன்று இரண்டாகிவிடும். இராஜஸ்தானத்துச் சரிஸ்காக் காட்டில் 2004 ஆம் ஆண்டிலும் புலிகள் பல உளவென்றே ஏடுகள் கூறின. 2005 இல் தேடிப் பார்த்தபோதோ ஒன்றுதானும் இல்லை. கள்ள வேட்டைக்காரர் அவற்றைக் கொன்று தீர்த்திருந்தனர். கணக்கு உயிரோடிருந்தது, புலிகள் இருக்கவில்லை!

ஆயின், புலியை முகம் பார்த்து அறிவது எங்ஙனம்? நமது கைரேகை போன்றே, ஒரு புலியின் வரிக்கோலம் மற்றொரு புலிக்கு இராது. வாழ்நாள் முழுவதும் அது மாறுவதுமில்லை. ஆதலின், காட்டுவழியின் இருமருங்கும் தானாக இயங்கும் கமராக்களை வைக்கின்றனர். இடப்புற வரி வேறு, வலப்புற வரி வேறாதலின் இரண்டு கமராக்கள் வேண்டும். புலி வளைந்தும் சரிந்தும் நடப்பதனாற் படத்தில் வரிகள் கோணலாகத் தோன்றும். கணினியானது, புலியுடலின் முப்பரிமாண வடிவொன்றின்மீது அப்படத்தைப் போர்த்திக் கோணலைச் சீராக்கி, முன்னைய படங்களோடு ஒப்பிட்டு, ஒத்தவற்றைப் பொறுக்கித் தருகின்றது. இறுதியில் ஆமென்று உறுதி செய்பவன் மனிதனே.

2018–2019 கணக்கெடுப்பில் 26,838 இடங்களிற் கமராக்கள் வைத்து, 3 கோடியே 48 இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைப் பெற்றனர். அவற்றுட் புலிகளின் படங்கள் 76,651. அவற்றைக் கொண்டு, குட்டிகள் நீங்கலாக, 2,461 புலிகளைத் தனித்தனியே இனங்கண்டனர். மனிதக் கண்கள் மட்டும் இத்தனையையும் ஒப்பிட முயன்றிருப்பின், வேலை முடியுமுன் அடுத்த கணக்கெடுப்பு வந்திருக்கும்.

இன்னுமொன்று. உரித்த தோலிலும் வரி அழிவதில்லை. கைப்பற்றப்பட்ட தோலின் வரிகளை, அப்புலி உயிரோடிருந்த காலத்துப் படத்தோடு ஒப்பிட்டு, அது எக்காட்டுக்குரியதென அறியலாமென்பதை 2009 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. வாய்பேசா விலங்கு இறந்தபின்னும் சாட்சி சொல்கின்றது.

இடாப்பிற் பெயர் இருந்தாற் போதாது. பெயருக்குரியவரும் இருத்தல் வேண்டும். சரிஸ்கா நமக்குக் கற்பித்த பாடம் இதுவே. இல்லாததை உண்டென்று எழுதி மகிழும் கணக்கு, இருப்பதையும் காவாது.