காற்றைக் குடிக்கும் பேட்டரி: பச்சை காட்டிய டெஸ்ட்

பெரிய எலக்ட்ரிக் கார்களில் பேட்டரி மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். “இதோட எடையைக் குறைக்க முடியாதாப்பா?” என்று என் மகள் கேட்டாள். உங்க வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு பதில், லித்தியம்-ஆக்சிஜன் பேட்டரி.

சாதாரண லித்தியம் அயன் பேட்டரியின் கேத்தோடில் கனமான உலோக ஆக்சைடு இருக்கும். இதில் அதற்குப் பதிலாக நுண்துளைகள் நிறைந்த கார்பன். பேட்டரி ஓடும்போது லித்தியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, லித்தியம் பெராக்சைடாக அந்தத் துளைகளில் படியும். சார்ஜ் போட்டால் அது பிரிந்து ஆக்சிஜன் வெளியே போகணும். ஏட்டுக் கணக்குப்படி கிலோவுக்குச் சுமார் 3,500 வாட்-மணி கிடைக்கும். இன்றைய லித்தியம் அயன் செல்லில் சுமார் 250தான். 1996இல் கே.எம். ஆபிரகாமும் இசட். ஜியாங்கும் இப்படி ஒரு செல்லைச் செய்து காட்டினார்கள்.

சிக்கல் எங்கே? பெராக்சைடில் மின்சாரம் எளிதாகப் பாயாது. இட்லித் தட்டின் ஓட்டையை மாவு அடைத்த மாதிரி, துளைகளும் அடைபடும். 2.7 வோல்ட்டில் கொடுக்கும் செல்லுக்குச் சார்ஜ் போட 4 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுது. போட்டதில் மூன்றில் ஒரு பங்கு வீண்.

அதனால் கேத்தோடில் வினையூக்கி சேர்த்தார்கள். கல்யாணத் தரகர் மாதிரிதான் இது: காரியத்தைச் சீக்கிரம் முடித்துவைக்கும், தான் அதில் கரைந்து போகாது. மாங்கனீசு டை ஆக்சைடு, கோபால்ட் ஆக்சைடு, பிளாட்டினம், தங்கம் என்று பலதும் போட்டுப் பார்த்தார்கள். சார்ஜ் வோல்ட்டேஜ் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

2011இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் வோல்ட்டேஜோடு நிற்காமல், வெளியே வரும் வாயு எது என்றும் அளந்தார்கள். அப்போது பலரும் பயன்படுத்திய கார்பனேட் எலக்ட்ரோலைட்டில் வந்தது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு! பெராக்சைடு பிரியவில்லை, எலக்ட்ரோலைட்டே சிதைந்துகொண்டிருந்தது. வினையூக்கி அந்தச் சிதைவைத்தான் வேகப்படுத்தியிருக்கு.

என் தொழிலில் இது தினமும் பார்க்கிற விஷயம். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும். ஆனா அது சோதித்தது வேற எதையோ.

அதற்கப்புறம் இந்தத் துறையில் கேள்வியே மாறிப்போச்சு: “வோல்ட்டேஜ் குறைஞ்சுதா?” என்பதோடு “ஆக்சிஜன் திரும்பி வந்துச்சா?” என்றும் கேட்கிறாங்க. எலக்ட்ரோலைட்டை மாற்றினார்கள். கார்பனும் அரிக்கப்படுவதால், 2012இல் நுண்துளைத் தங்கத்தில் கேத்தோடு செய்து 100 முறை சார்ஜ் ஏற்றி இறக்கினார்கள். தங்கத்தில் கார் பேட்டரி கட்டுப்படியாகாதுதான், ஆனா வழி இருக்குன்னு அது காட்டியது. கரைசலிலேயே கலந்து வேலை செய்யும் வினையூக்கிகளும் வந்திருக்கு.

இந்த பேட்டரிக்காகக் கார் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனா “புதிய பேட்டரி, பத்து மடங்கு சக்தி” என்று பிள்ளைகள் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்க: எதை அளந்தாங்க? எத்தனை முறை சார்ஜ் ஆச்சு? சுத்தமான ஆக்சிஜனா, வெளிக்காற்றா? காற்றில் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கே! இந்த மூன்றையும் தமிழிலேயே கேட்டுப் பழகட்டும்.