நொய்யலும் அதன் பள்ளங்களும்

நொய்யலாற்றைப் பற்றிப் பேச்செழுந்தால், “அது ஆறா, சாக்கடையா?” என்று கேட்டு முடித்துவிடுவது இப்போது வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு கேட்போரில் அவ்வாற்றங்கரையில் நிலமுடையவர்களும் பலர் உண்டு என்பதே நமக்கு வருத்தம். ஆற்றிலேயே தண்ணீர் இல்லாதபோது அதைச் சேர்ந்த பள்ளங்களும் வாய்க்கால்களும் இனி எதற்கு என்னும் எண்ணம் அக்கேள்விக்குப் பின்னே ஒளிந்திருக்கிறது. இவ்வெண்ணம் தவறானது என்பதும், இதனால் முதலில் நஷ்டமடைபவர்கள் விவசாயிகளே என்பதும் நமது அபிப்பிராயம்.

நொய்யல் சிறிய ஆறு. கோயம்புத்தூருக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரி மலைத் தொடரில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 100 மைல் கிழக்கு நோக்கி ஓடி, கரூர் ஜில்லாவில் நொய்யல் என்ற பெயரையே கொண்ட கிராமத்தருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சி என்பது இதன் பழம் பெயர். மலைச் சரிவில் தென்மேற்குப் பருவக்காற்று நன்றாகப் பொழியும். ஆனால் மலையை விட்டுச் சமவெளியில் இறங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. கோயம்புத்தூரில் வருஷத்துக்குச் சுமார் 25 அங்குல மழைதான். அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவது. ஆடி மாதத்து வெள்ளம் மலையிலிருந்து வருகிறது. ஐப்பசி வெள்ளமோ பெரும்பாலும் நம்முடைய காடுகளிலும் தோட்டங்களிலும் பெய்து, பள்ளங்களின் வழியாக ஆற்றை அடைகிறது. ஆகவே ஆற்றின் நடுப் பாகத்துக்கும் கடைப் பாகத்துக்கும் தாய்மடி மலையன்று, பள்ளங்களே. குருடிமலைப் பக்கமிருந்து வரும் கௌசிகா நதியும், திருப்பூரருகே சேரும் நல்லாறும் இவ்வகையில் பெரியவை. பெயர் கூடத் தெரியாத சிறு பள்ளங்கள் எத்தனையோ.

இப்பள்ளங்கள் வருஷத்தில் பத்து மாதம் வறண்டு கிடப்பதால் அவற்றின் குணம் நமக்குப் புலப்படுவதில்லை. கடினமான பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்த தேசம் இது. மேட்டில் பெய்த மழை பாறை வெடிப்புகளில் மெதுவாகவே இறங்கும். பள்ளத்து மணலிலும் வண்டலிலும் நீர் சில நாள் தங்கி நின்றால்தான் அருகிலுள்ள கிணறுகளுக்கு ஊற்று உண்டாகும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். கிளுவை வேலியும், நடுநடுவே வெள்வேல மரமும், தரையில் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கும் அக்காடுகளில் மண் அரிப்பதில்லை. அங்கிருந்து பள்ளத்துக்கு வரும் நீரும் அவ்வளவாகக் கலங்குவதில்லை. காங்கேயம் மாடுகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மேய்ச்சல், ஆற்றுக்கும் உபகாரம் செய்து வந்திருக்கிறது.

நமது முன்னோர்கள் இவ்வாற்றின் சுபாவத்தை நன்கறிந்து, அது ஓடும் சில நாட்களிலேயே நீரைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களை நிரப்புகிறது. கீழே சிங்காநல்லூர், சூலூர் வரையிலும், அதற்கப்பாலும் இதே முறைதான். இக்குளங்களின் மதகுப் பாசனம் பெரும்பாலும் சுருங்கிவிட்டது உண்மையே. எனினும் குளம் நிரம்பிய வருஷத்தில் சுற்றிலுமுள்ள கிணறுகள் எழும்புவதைக் கண்ணாரக் காண்பவர்கள், குளத்தால் பயனில்லை என்று சொல்ல மாட்டார்கள். நல்லாற்றின் நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் பறவைகளின் சரணாலயமாகி, 2024-ஆம் வருஷத்தில் ராம்சார் உடன்படிக்கைப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலையாகவும் அங்கீகரிக்கப்பட்டது. குளத்தைத் தூர் வாருவதற்கு நாம் ஆரவாரத்தோடு புறப்படுகிறோம். அதற்கு நீர் கொணரும் வாய்க்காலை மாத்திரம் மறந்துவிடுகிறோம்! வாயைக் கட்டிவிட்டு வயிற்றைக் கழுவுவதற்கு இது ஒப்பாகும்.

கடைமடையின் கதை வேறு. 1992-ல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கியது. அணையைத் திறக்க வேண்டாமென்று ஆயக்கட்டுக் குடியானவர்களே கேட்கும்படி ஆயிற்று. ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டுமென்பதை 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. பின்னர் கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மறுபடி உபயோகிக்கும் நிபந்தனையின் பேரில் அவை இயங்கலாயின. ஆனால் தீர்ப்பு மண்ணிலுள்ள உப்பை எடுத்துவிடாது. அதை எடுக்க வல்லது நல்ல மழைநீர் ஒன்றே. மேலிருந்து வரும் புதுவெள்ளம் பூமியை நனைத்துக் கழுவிக்கொண்டு போனால் உவர்ப்பு படிப்படியாகக் குறையும். அரைகுறையாக நனைத்து வெயிலில் காய்ந்தாலோ, உப்பு மேலே வந்து பூக்கும். காவிரிக்குப் போகும் நொய்யல் வெள்ளம் வீண் என்று சொல்பவர்கள் இந்த வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேற்கே ஒருவர் பள்ளத்தை மூடினால், கிழக்கே அவர் முகமும் அறியாத இன்னொருவருடைய தென்னந்தோப்புக்கு வர வேண்டிய கழுவுநீர் தடைப்படுகிறது.

“பட்டா நிலத்தை ஒட்டி இரண்டு சென்டு சேர்த்து உழுதேன், இதனால் ஆறு வற்றிவிடுமா?” என்பது சாதாரணமான சமாதானம். ஒருவர் மாத்திரம் அவ்வாறு செய்தால் வற்றாதுதான். ஆனால் இரு கரையிலும் வரிசையாக எல்லோரும் செய்தபின், நாற்பது அடிப் பள்ளம் நான்கடியாகிறது. பெருமழை வந்த இரவில் அதே வெள்ளம் உழுதவருடைய பயிரையே வாரிக்கொண்டு போகிறது. அப்போது நிவாரணம் கோரி மனுக் கொடுப்பவரும் அவரேயாவர்.

இங்கே கிராம உத்தியோகஸ்தர்களின் பொறுப்புப் பெரிது. மணியக்காரர், கர்ணம் பதவிகள் 1980-ல் நீங்கின; இப்போது கிராம நிர்வாக அலுவலர் வேற்றூரிலிருந்து வருபவராயும் சில வருஷங்களில் மாற்றலாகிறவராயும் இருக்கக்கூடும். ஊர்ப் பள்ளத்தின் போக்கு அவருக்கு நினைவில் இருப்பதற்கில்லை. புலப்படமும் ‘அ’ பதிவேடும் மாத்திரமே அவருக்கு நினைவு. அவற்றை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் இருவரோடு, புரட்டாசிக்குள் ஒரு தடவையாவது பள்ளத்தின் தலையிலிருந்து கடை வரை நடந்து வரவேண்டும். ஆக்கிரமிப்பை அடங்கலில் எழுதாமல் விடுவது தாட்சண்யமாகத் தோன்றலாம். அடுத்து வருபவருக்கு அது சாட்சியை அழித்துக் கொடுத்ததாகும். 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் போதிய அதிகாரம் அளித்திருக்கிறது.

நிலச்சுவான்தார்களுக்கும் இதில் கைம்மேல் லாபமுண்டு. குளத்து வண்டலைத் தாசில்தாரிடம் அனுமதி பெற்று இலவசமாக வயலுக்கு எடுத்துக்கொள்ளும் வசதி 2024-ல் விரிவாக்கப்பட்டது. வண்டி பூட்டுவதற்கு முன், சீமைக்கருவேலை வேரோடு பறித்து, குளத்துக்கு வரும் வாய்க்காலைத் திருத்திவிடுவது நலம். ஆனால் திருப்பூருக்குக் கீழே, சாயநீர் தேங்கிய இடங்களின் வண்டலை மண் பரிசோதனை செய்யாமல் ஒரு கூடையும் வயலில் கொட்டக்கூடாது. கிணற்று நீரையும் மழைக்கு முன்னொரு தடவை, பின்னொரு தடவை பரிசோதனைக்கு அனுப்பி, மின் கடத்துத் திறன் 2.25 டெசிசைமன்ஸுக்கு மேற்பட்டிருந்தால், அந்த நீரை நம்பி வாழையோ காய்கறியோ வைக்காமல், உப்பைத் தாங்கும் தீவனப் பயிரோடு அவ்வருஷத்தை நடத்திக்கொள்வது உசிதம்.