எது என் வேலை?



மட்டக்குளியிலிருந்து ஓர் இளம் தாதி எழுதிய கடிதம் இந்த இதழ் வேலைகளுக்கிடையே எங்களுக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருடப் பயிற்சியை முடித்து, நகரத்து வைத்தியசாலை ஒன்றில் நியமனம் பெற்றுச் சில மாதங்களே ஆகின்றன. "வேலை கூடிப்போச்சு என்று நான் அழவில்லை. எது என் வேலை என்று ஒருத்தரும் சொல்கிறார்கள் இல்லை" என்கிறார்.

ஓர் இரவை அவர் விவரித்திருக்கிறார். 7 மணிக்கு நைட் டியூட்டி தொடங்கினால் காலை 7 மணிக்குத்தான் வீடு. 10 மணி ஊசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வாட்டில் தமிழ் மட்டுமே பேசும் வயதான அம்மா ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி ஏதோ சொல்ல, வைத்தியருக்கு விளங்கவில்லை. தமிழ் மிஸ்ஸியைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். இவர் ஓடிப்போய்க் கேட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது. வாட்டை விட்டுப் போகச் சொன்னது யார் என்று சிஸ்டர் கேட்கிறார். போகாமல் இருந்திருந்தால் அதற்கும் ஏச்சு விழுந்திருக்கும்.

இப்படி இரண்டு பக்கமும் இழுபடுவது மனதை என்ன செய்யும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல. தன்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரியாத ஊழியரிடம் பதற்றம் கூடுகிறது, தன்னம்பிக்கை குறைகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கானும் அவருடைய சகாக்களும் 1964இலேயே எழுதினார்கள். படித்ததற்கும் வாட்டில் நடப்பதற்கும் உள்ள தூரம் புதிய தாதியரைத் தொழிலை விட்டே துரத்துவதை 1974இல் மார்லீன் கிரேமர் தன் நூலில் காட்டினார். இங்கே இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் வெளிநாடு போனார்கள் என்பது நம் ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். சம்பளம் பெரிய காரணம்தான். ஆனால் தினமும் யாருக்கோ பதில் சொல்லிக் களைத்துப் போவதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் நோயாளிக்காகப் பேசிக்கொடுப்பதை அந்தப் பிள்ளை சுமையாக நினைக்கவில்லை. எங்கட ஆக்களுக்கு நான் செய்யாமல் யார் செய்வார் என்றுதான் கேட்கிறார். ஆனால் 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்ட நாட்டில், அது ஒரு தாதியின் நல்ல மனதை நம்பி நடக்கக்கூடாது. வைத்தியசாலை நிர்வாகத்தினரே, அதையும் டியூட்டி லிஸ்டில் எழுதுங்கள். அவர் போகும் நேரத்தில் அவருடைய கட்டில்களைப் பார்ப்பது யார் என்றும் எழுதுங்கள். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு மறுக்கலாம் என்பதை முதல் நாளே அவருக்கு விளங்கும் மொழியில் கையில் கொடுங்கள். முதல் சில மாதங்களுக்குத் துணையாக அனுபவமுள்ள ஒரு தாதியை விடுங்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகும் நம்மிடமும் ஒரு வேண்டுகோள். கட்டில் இல்லாததற்கும் ஸ்கேன் தள்ளிப்போனதற்கும் அந்தச் சின்ன மிஸ்ஸியிடம் சத்தம் போடாதீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாதியர் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் வெளியே வராது.

அன்புடன்,
ஆசிரியர்