அடைக்கலம் பெறும் இடம்

கோவலனோடும் கண்ணகியோடும் மதுரையின் புறஞ்சேரியை அடைந்த கவுந்தியடிகள், கண்ணகியைக் கண்டவரிடம் ஒப்படைத்துவிடவில்லை. ஆயர் முதுமகளாகிய மாதரியின் இயல்பை எண்ணிப் பார்த்த பின்னரே அடைக்கலம் தந்தார். இதற்கென ஒரு காதையையே அமைத்தார் இளங்கோவடிகள். அரும்பொருளை ஒப்படைக்குமுன் இடமறிதல் வேண்டும் என்பது அக்காதை நமக்கு உணர்த்தும் நெறி.

இந்நெறி கணிப்பொறி உலகிற்கும் பொருந்தும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். நூலைக் காப்பவனுக்கும் மென்பொருளைக் காப்பவனுக்கும் கவலை ஒன்றே. தாம் எழுதிய நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைப்போர் திறந்த மூல மென்பொருள் படைப்போர். அவருள் பலர் ஊதியமின்றி உழைப்பவர். எழுதி முடித்த மென்பொருளை மக்கள் பதிவிறக்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பெரிய கோப்புகளைப் பல்லாயிரவருக்கு இடையறாது வழங்கும் சர்வருக்குச் செலவு மிகுதி. ஆகவே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே இலவசம்?" என்பதாகிறது. பல வேளைகளில் இறுதிக் கேள்வியும் அதுவாகவே முடிந்துவிடுகிறது. இங்கேதான் பிழை நேர்கிறது என்பது என் கருத்து.

தொடக்க காலத்தை எண்ணிப் பாருங்கள். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் படைப்பை முதன்முதலில் வெளியிட இடம் தந்தது பின்லாந்து நாட்டுக் கல்வி நிறுவனங்களின் கணிப்பொறி வலையமைப்பு. அதன் சர்வரைப் பேணிய ஆரி லெம்கே என்பவரே அக்கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயரிட்டார். அன்று இடம் தந்தவர் இலாபம் கருதவில்லை. 1999இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தோன்றியது. வணிக நிறுவனம் நடத்திய அத்தளம் கட்டணமின்றி இடம் தந்ததால், திறந்த மூலப் படைப்புகள் ஆயிரமாயிரமாய் அங்கே குவிந்தன.

பின்னர் நிகழ்ந்தது என்ன? விளம்பர வருவாயை நாடிய அந்நிறுவனம், 2013இல் நிறுவல் கோப்புகளோடு பிறருடைய மென்பொருள்களையும் இணைத்து வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவிறக்கப் பொத்தான் போலத் தோன்றும் ஏமாற்று விளம்பரங்களும் அப்பக்கங்களில் மலிந்தன. மனம் நொந்த கிம்ப் என்னும் ஓவிய மென்பொருள் குழுவினர் அவ்வாண்டின் நவம்பரில் வெளியேறினர். அத்தோடு முடிந்ததா? இல்லை. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், விண்டோசுக்கான கிம்ப் வைக்கப்பட்டிருந்த பழைய கணக்கைக் கைவிடப்பட்டதெனக் கூறித் தளத்தாரே எடுத்துக்கொண்டு, அதன் நிறுவல் கோப்போடு விளம்பரச் சரக்கையும் சேர்த்து வழங்கினர். கிம்ப் என்னும் நற்பெயரை நம்பி வந்த எளியவரே ஏமாந்தனர். எதிர்ப்புக் கிளம்பியது. 2016இல் தளம் கைமாறிய பின், புதிய உரிமையாளர் அத்திட்டத்தை ஒழித்தனர். எனினும் உடைந்த நம்பிக்கை எளிதில் ஒட்டுமோ?

"பெரிய நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்தால் போதுமே" என்பர் சிலர். கூகுளைவிடப் பெரியது எது? 2006இல் அது தொடங்கிய கூகுள் கோட் தளம், 2014 ஜனவரி முதல் புதிய பதிவிறக்கக் கோப்புகளை ஏற்க மறுத்தது. 2016 ஜனவரியில் தளமே மூடப்பட்டது. கிட்ஹப் தளமும் 2012 டிசம்பரில் கோப்பேற்றும் வசதியை நிறுத்தி, 2013 ஜூலையில்தான் வேறு வடிவில் மீண்டும் தந்தது. அத்தளம் 2018இல் மைக்ரோசாஃப்ட்டின் உடைமையாயிற்று. இவர்கள் தீயவர் என்று நான் கூற வரவில்லை. தம் வீட்டின் கதவை அடைக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பதை விருந்தினர் மறக்கலாகாது என்கிறேன்.

அப்படியாயின் சொந்த இடமே பாதுகாப்பா? அதுவும் முழு விடையன்று. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் குழுவினரின் சொந்த இணையதளத்திலேயே திருடர் புகுந்தனர். பதிவிறக்க இணைப்பை மாற்றி, கள்ளவழி வைத்த போலிக் கோப்பை மக்கள் கையில் சேர்த்தனர்.

எனவே, இடம் தேடுவோர் நான்கு செய்திகளை உறுதிசெய்தல் வேண்டும். முதலாவது, இலவசமாக இடம் தருபவர் எவ்வழியில் பொருள் ஈட்டுகிறார் என்று அறிதல். இரண்டாவது, மக்களுக்கு அறிவிக்கும் இணைய முகவரி நம்முடையதாக இருத்தல். பின்னே உள்ள இடம் மாறினாலும், முன்னே உள்ள வாயில் மாறாது. அம்முகவரிக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு மிகச் சிறிது. மூன்றாவது, ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்ததுபோல், வேறிடங்களிலும் படிகளை வைத்தல். கிம்ப் குழுவினர் தம் முகவரியிலிருந்தே, பல நாடுகளில் உள்ள படித்தளங்களின் துணையோடு மென்பொருளை வழங்குகின்றனர். நான்காவது, ஒவ்வொரு கோப்பிலும் படைத்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இடுதல். அதைச் சரிபார்த்தால் இடையில் எவர் கைவைத்திருந்தாலும் தெரிந்துவிடும்.

இருவர் மூவர் ஓய்வு நேரத்தில் நடத்தும் சிறு திட்டத்திற்கு இத்தனையும் இயலுமா? இயலும். கட்டணமில்லாத் தளத்தைப் பயன்படுத்துவது குற்றமன்று. அது ஒன்றையே நம்பிக் கண்ணயர்வதே குற்றம். படைப்பு ஆக்கியோனுக்கு இலவசமாய்த் தந்த பொருளாக இருக்கலாம். அதை நம்பித் தன் கணிப்பொறியில் ஏற்றுகிறவனுக்கு அது விலைமதிப்பில்லாத நம்பிக்கை.

அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற் போன துயரில் மாதரி தீப்புகுந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். நல்லவளிடம் தந்த அடைக்கலமும் தவறியதுண்டு. இன்றைய நிறுவனங்களிடம் மாதரியின் நெஞ்சை எதிர்பார்த்தல் தகுமோ? கவுந்தியின் ஆராய்ச்சியை நாம் கைக்கொள்வோம். அதனினும் ஒருபடி மேலாக, ஓரிடத்திலேயே அனைத்தையும் வைக்காத முன்னறிவையும் கைக்கொள்வோம்.