வாசல் வரைக்கும்தான் வந்தோம்

ஏப்ரல் பிறந்தால் நம் அலுவலகங்களில் ஆண்டறிக்கை வேலை தொடங்கிவிடும். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்கு வேலை, முகாமுக்கு எத்தனை கம்பெனிகள் வந்தன என்று கட்டம் கட்டமாக நிரப்புவோம். பணி நியமன ஆணையைக் கையில் பிடித்து நிற்கும் இளைஞர்களின் படம் அட்டையில் வரும். அவர்களில் எத்தனை பேர் அடுத்த தீபாவளி வரை அந்த வேலையில் இருந்தார்கள் என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை. மறதியால் விட்டுப்போனது என்று சொல்ல முடியாது. இருந்தால் பதில் எழுத வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

மாற்றுத்திறனாளிகள், கணவனை இழந்த பெண்கள், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள், சிறை மீண்டவர்கள், திருநங்கைகள், கொத்தடிமை முறையிலிருந்து விடுவிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோருக்கு வேலை தேடித் தருவதே எங்கள் பணி என்று எழுதி டிரஸ்ட்டும் சங்கமும் பதிவு செய்தவர்கள் நாம். மேன்பவர் ஏஜென்சிக்காரர் ஆளை அனுப்பிக் கமிஷன் வாங்கினால் அவர் வேலை முடிந்தது. நாம் அந்த ஆளோடு கூட நிற்போம் என்று சொன்னோம். அதை நம்பித்தான் ஊரில் பெற்றவர்கள் பிள்ளைகளை நம்மோடு அனுப்பினார்கள். அந்த வாக்கை நாம் காப்பாற்றவில்லை.

2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டத்தில், பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை தர வேண்டும் என்று விதி. 3 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால்தான் அது கணக்கில் சேரும். பொய்க்கணக்கு எழுதுவதைத் தடுக்க வைத்த குறைந்தபட்ச அளவு அது. நாம் அதையே எல்லையாக்கிக்கொண்டோம். மூன்று பேஸ்லிப் கைக்கு வந்ததும் கோப்பில் போட்டு, அந்தப் பெயரை முடித்து வைத்தோம். ஊதியம் பிடிக்கப்படுவதும், ஷிப்ட் மாற்றப்படுவதும், சூப்பர்வைசரின் பேச்சு பொறுக்க முடியாமல் போவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகு நடப்பவை. அப்போது நாம் அடுத்த பேட்ச் சேர்க்க வேறொரு ஊரில் இருந்தோம்.

நூற்பாலைகளைப் பற்றி நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? மூன்றாண்டு வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்து, தென்மாவட்டத்துப் பெண்களைப் புரோக்கர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் கூட்டிப் போனது நம் கண்முன்னே நடந்தது. அவர்களின் கூலியில் பிடித்து வைத்ததையே கடைசியில் மொத்தமாகக் கொடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் வீடு திரும்பிய பெண்களில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இதை எதிர்த்துக் கூட்டம் போட்டவர்களும் நம்மில் இருந்தார்கள். பிறகு, திறன் பயிற்சி முடித்த பெண்களை, ‘விடுதி வசதியுடன் வேலை’ என்று எழுதி அதே பகுதி ஆலைகளுக்கு வேனில் ஏற்றி அனுப்பியவர்களும் நம்மில்தான் இருந்தார்கள். அனுப்புவதற்கு முன் அந்த விடுதியைப் போய்ப் பார்த்தவர்கள் சிலர்தான். செல்போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வாரா, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு விடுவார்களா என்று கேட்கவில்லை. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டு, அந்தப் பெயர்களைப் பெண்களின் கையில் எழுதிக் கொடுத்து அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அதையும் செய்யவில்லை.

வேலை கிடைப்பது பாதி வழிதான் என்பதை 2017 ஜூனில் கொச்சி நமக்குக் காட்டியது. கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது கேரளத்தின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ வழியாகத் திருநங்கைகளுக்கு அங்கே வேலை கிடைத்ததை நாடே பாராட்டியது. ஆனால் சில நாட்களிலேயே அவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். அந்த நகரத்தில் அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தருவார் இல்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போனது. அந்தச் செய்தியை நாமும் படித்தோம். படித்த பிறகாவது, சென்னைக்கு ஆள் அனுப்பும் நம் திட்டங்களில் முதல் மாத வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் ஒரு தொகை ஒதுக்கினோமா? முதல் சம்பளம் வரும்வரை அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும் என்று யோசித்தோமா? பயிற்சி மையத்தின் பேனருக்கும் தொடக்க விழாவுக்கும் நம் பட்ஜெட்டில் இடம் இருந்தது.

யாரை அனுப்பினோம் என்பதைவிட யாரை விட்டுவிட்டோம் என்பது இன்னும் கனமான கேள்வி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழுதான். சட்டம் விரிந்தது, நம் பதிவேடு விரியவில்லை. டிகிரி முடித்த, ஒரு காலில் போலியோ பாதிப்புள்ள இளைஞருக்கு எந்த முகாமிலும் வேலை கிடைக்கும் என்று தெரியும், அவரையே முன்னால் நிறுத்தினோம். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர், மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர், கிராமத்தில் இருக்கும் பார்வையற்ற பெண் என்று கூடுதல் உழைப்பு தேவைப்பட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். எளிதாக வேலை கிடைக்கக்கூடியவருக்கு வேலை வாங்கித் தர நாம் தேவையே இல்லை. நாம் தேவைப்பட்டவர்களிடம் போகவில்லை.

சட்டம் நம் கையில் கொடுத்த கருவிகளையும் துருப்பிடிக்க விட்டோம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று அதில் சொல்ல வேண்டும், ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முகாமுக்கு வந்த எத்தனை கம்பெனிகளிடம் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டோம்? மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் தனியார் நிறுவனங்களுக்காக முதல் மூன்றாண்டுகளுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பங்கை அரசே கட்டும் என்று 2008இல் ஒரு திட்டம் வந்தது. சிறு தொழிற்சாலை முதலாளியிடம் போய் உட்கார்ந்து அதை விளக்கி, படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அது சுற்றறிக்கையாகவே கிடந்தது.

சிறை மீண்டவர்கள் விஷயத்தில் நம் கூச்சம் இன்னும் வெளிப்படை. வேலூரிலும் கோவையிலும் சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. சிறைவாசிகள் அங்கே நாள் முழுக்கப் பணம் வாங்கிப் போடுகிறார்கள், பொதுமக்கள் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறார்கள். தண்டனைக் காலத்திலேயே கல்லாவில் நிற்கும் மனிதரை, விடுதலையான பிறகு ஒரு தனியார் பங்கில் சேர்த்துவிட நாம் முன்வரவில்லை. போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு வந்தால் கம்பெனி நம் மற்ற ஆட்களையும் வேண்டாம் என்றுவிடுமோ என்று பயந்தோம். அந்தப் பயத்தின் விலையை அவர் கொடுத்தார்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். நம்மில் சிலர் ஆளை அறிமுகப்படுத்துவதைத் தாண்டி, நாமே முதலாளியாக இருந்து ஆட்களை வேலைக்கு எடுத்து, மருத்துவமனைக்கும் ஐடி வளாகத்துக்கும் ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் எடுத்தோம். நல்ல முயற்சி அது. ஆனால் கணக்கு என்ன? மாதம் 12,000 ரூபாய் ஊதியம் என்றால் பிஎஃப்புக்கு முதலாளி தரப்பில் நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதம், 1,560 ரூபாய். இஎஸ்ஐ 3.25 சதவீதம், 390 ரூபாய். ஆக 13,950. ஆள் வழங்கும் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 16,461. இதில் போனஸ் இல்லை, யூனிஃபார்ம் இல்லை, நமக்கு ஒரு ரூபாய் சேவைக் கட்டணம்கூட இல்லை. டெண்டரில் யார் குறைவாகப் போடுகிறாரோ அவருக்குத்தான் வேலை. இந்தத் தொகைக்குக் கீழே போட்டவர் பிஎஃப்பிலோ ஆள் எண்ணிக்கையிலோ கைவைக்கப்போகிறார் என்பது டெண்டர் திறக்கும் மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நாமும் சில இடங்களில் கீழே இறங்கினோம். ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் நம் பெண்களுக்கு வேலை போய்விடும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இன்னொன்று, கூலித் தேதி. ஊதியம் 7ஆம் தேதிக்குள் கையில் சேர வேண்டும் என்பது சட்டம். வாடிக்கையாளர் நம் பில்லைப் பாஸ் செய்ய 45 நாள், 60 நாள் ஆகும். 100 பேருக்கு இரண்டு மாத ஊதியம் மட்டும் 24 லட்சம் ரூபாய். அந்தச் சுழல் பணம் நம்மிடம் இருந்ததில்லை. நன்கொடையாளரிடம் பயிற்சிக்குக் கேட்டோம், தையல் மெஷினுக்குக் கேட்டோம், கூலி தாமதமாகாமல் இருக்க ஒரு நிதி வேண்டும் என்று கேட்க நம் வாய் வரவில்லை. விளைவு, தாமதத்தைச் சுமந்தது மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லும் அந்தப் பெண்தான். கந்துவட்டிக்காரரிடமிருந்து மீட்கிறோம் என்று சொல்லி அழைத்து வந்தவரை அதே வாசலுக்கு நாமே திருப்பி அனுப்பினோம்.

இவ்வளவும் தெரிந்து ஏன் பேசாமல் இருந்தோம்? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியதாயிற்று. அந்த நிதி நமக்கு வந்தது. நம் பிள்ளைகளை வேலைக்கு எடுத்ததும் பல நேரம் அதே நிறுவனங்கள். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் நிதி, ஐந்தாம் மாடியில் வேலை. அங்கே ஓவர்டைம் தராமல் விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் அடுத்த ஆண்டு நிதி என்ன ஆகும்? 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்ததும் நம் கழுத்து இன்னும் இறுகியது. நெருக்கடி உண்மைதான். ஆனால் அந்த நெருக்கடியை முதலில் யார் தலையில் இறக்கினோம்? வேலையில் சேர்ந்தவர்களைப் போய்ப் பார்த்துவரும் களப்பணியாளரைத்தான் முதலில் நிறுத்தினோம். பிஎஃப் பற்றி வகுப்பெடுக்கும் நம் களப்பணியாளர்களில் பலருக்கு பிஎஃப் இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 1986 முதல் டெக்ஸ்கோ முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிக்கு அனுப்பிவருகிறது. அது ஒரு அரசு நிறுவனம், அரசுத் துறைகளும் வாரியங்களும் அதனிடம் ஆள் கேட்கின்றன. ஒரு பிரிவினருக்காக ஒரு பொது அமைப்பே முதலாளியாக நின்று பொறுப்பேற்க முடியும் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நாம் ஒன்றுசேர்ந்து கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு முகாம், ஆளுக்கொரு பேனர் என்று பிரிந்தே நின்றோம்.

இனி செய்ய வேண்டியவை புதியவை அல்ல, தள்ளிப்போட்டவை. வேலையில் சேர்ந்து 12 மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள் என்பதை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும். விடுதியை நேரில் பார்க்காமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது. சட்டப்படியான செலவுக்குக் கீழே டெண்டர் போடுவதில்லை என்று நாம் எல்லோரும் கூடி முடிவெடுக்க வேண்டும், ஒருவர் மட்டும் எடுத்தால் அது நிற்காது. ஊதியச் சுழல்நிதியை நன்கொடையாளரிடம் நேராகக் கேட்க வேண்டும். நிதி தரும் நிறுவனத்தில் நம் ஆட்கள் வேலை பார்த்தால், அவர்களின் புகாரை எடுத்துச் செல்ல நம்மைச் சாராத தொழிற்சங்கத்தோடோ சட்ட உதவி மையத்தோடோ அவர்களைச் சேர்த்துவிட வேண்டும். நம் நிர்வாகக் குழுவில் நம் வழியாக வேலைக்குப் போனவர்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இந்த வாரமே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. பழைய பதிவேடுகளை எடுத்து, முடித்து வைத்த பெயர்களுக்கு போன் செய்ய வேண்டும். பல எண்கள் மாறியிருக்கும். சிலர் கோபமாகப் பேசுவார்கள், அந்தக் கோபத்துக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. வராத பிஎஃப் பணம், தராத கடைசி மாதச் சம்பளம், திருப்பித் தராத அசல் சான்றிதழ் என்று அவர்கள் சொல்வது ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி, அதை வாங்கித் தரும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக வைக்க வேண்டும். அந்தப் பாக்கி தீராமல் புதிய பேட்சுக்கு விளம்பரம் போட நமக்கு உரிமை இல்லை.